புகை வீட்டுக் கதவு

அது பல்பு இல்ல மிஸ், நெருப்பேதான். பஸ்ல பக்கத்துல ஒக்காந்துட்டு நீங்க போன்ல பாக்குறத எட்டிப் பாத்துட்டேன், கோவிச்சிக்காதீங்க. இதே வீடியோவ எங்க மக ஷெரோமி காட்டியிருக்கு. ஏ.எல். சயன்ஸ் படிக்குது. பூமியச் சுத்துற அந்த விண்வெளி நிலையத்துல நெருப்பு மேல எழும்பாதாம். இங்கன்னா சூட்டுக் காத்து மேல போகும், நெருப்பும் கூடவே நீளும். அங்க மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அதான் நீலமா, உருண்டையா நிக்குது.

எப்டி அணைக்கிறதா? மொதல்ல ஃபேன நிப்பாட்டணுமாம். காத்து வரலன்னா அது விட்ட புகையிலயே மூச்சு முட்டி அணைஞ்சிருமாம். எனக்குச் சிரிப்பு. இத நான் இருபத்திரெண்டு வருசமா செய்றேம்மான்னேன்.

நாவுலப் பக்கம் ஒரு தோட்டம் மிஸ். ரப்பர் சீட் காய வைக்கிற புகை வீடு, நாந்தான் பொறுப்பு. கீழ அடுப்பு, மேல கம்புல வரிசையா சீட் தொங்கும். ஒண்ணு கழண்டு அடுப்புல விழுந்திச்சோ, போச்சு, எல்லாம் பத்திக்கும். நாங்க தண்ணிக்கு ஓடமாட்டோம். ஓட்டை எல்லாத்தையும் அடைச்சி, கதவச் சாத்திக் கொண்டி போட்டுருவோம். ரெண்டு நாளைக்குத் தொறக்கவே கூடாது. வேலைக்குச் சேந்த புதுசுல அவசரப்பட்டுத் தொறந்தேன். அணைஞ்சிருச்சுன்னு நெனச்ச நெருப்பு காத்தக் கண்டதும் மூஞ்சிக்கே வந்திச்சி. இந்தா பாருங்க, இந்தப் பக்கம் புருவமே மொளைக்கல.

ஆமா, அதையும் ஷெரோமி சொல்லிச்சி. அங்க சில எண்ணெய்த் துளி அணைஞ்ச பொறகும் கண்ணுக்குத் தெரியாம எரியுமாம்.

நானும் மாத்தளைக்குத்தான். கோர்ட்டுக்கு. போன மாசம் புகை வீடு பத்திக்கிச்சி. எப்பவும் போல கதவச் சாத்திட்டேன். எம் பொஞ்சாதி டொறீனோட தம்பி லெஸ்லி உள்ள சீட் திருப்பிக்கிட்டு இருந்திருக்கான், உள்ளயே செத்துட்டான். சாத்தும்போது தெரியாது மிஸ், மாதா சத்தியமா தெரியாது. ஷெரோமிக்குத் தாய்மாமன். அது எங்கூடப் பேசி ஒரு மாசமாச்சு.

இன்னைக்கு நீதவான் கேப்பாரு, உள்ள ஏதாச்சும் சத்தம் கேட்டிச்சான்னு. டொறீனும் அதத்தான் தெனம் கேக்குறா. கம்பு விழுற சத்தம்னு நெனச்சேன்னு பொலிஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். அதையேதான் இன்னைக்கும் சொல்லப் போறேன். மாத்திச் சொன்னா அவ எப்டி எங்கூட ஒரே வீட்ல இருப்பா? சொல்லாட்டியும், இருக்கிறது ஒரு இருப்பா?

பயம் மிஸ், வேற ஒண்ணுமில்ல. கொண்டியில கை வச்சிக்கிட்டுத்தான் நின்னேன். தொறந்தா மறுபடி மூஞ்சிக்கே வந்துரும்னு கை வரல. நீங்க எறங்கிப் போயிருவீங்க, இனி எங்க காணப் போறோம், அதான் உங்ககிட்ட சொல்றேன். கம்பு விழுந்தா மச்சான்னு கூப்பிடாது தானே.