ஏறாத முள்

நள்ளிரவு தாண்டிவிட்டது. மலையேறும் சாலை. முன்னால் ஒரு வெளிச்சம் இல்லை, பின்னால் ஒரு வெளிச்சம் இல்லை. ஒரே ஒரு கார்...

அட, அந்த ஜன்னலை முதலில் சாத்துங்கள். நம் வேன் நின்றிருப்பதும் மலைச்சாலையில்தான் என்று யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டாம். இழுவை வண்டி வரும்போது வரட்டும். கதை வேண்டும் என்றீர்கள், சொல்கிறேன். நடுவில் சிரிக்கிறவன் இறங்கி வெளியே நிற்கலாம்.

இது நடந்தது என்னோடு வேலை பார்க்கும் நெட்டையனின் பெரியப்பாவுக்கு. கார் மெக்கானிக். வாயைத் திறந்தால் பொய் வராது, அதனால் தொழிலில் தேறவும் இல்லை. அன்று அந்தக் காரில் பக்கத்து சீட்டில் இருந்தது அவர். ஓட்டியது அவருடைய தங்கை புருஷன்.

தங்கை செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. ஒரு ராத்திரி மூச்சு முட்டிப்போய், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு இதே காரில், இதே சாலையில் கொண்டுபோனான். பாதி ஏற்றத்தில் வண்டி திணறியது. மிதிக்கிறான், மிதிக்கிறான்... இழுக்கவில்லை. உச்சிக்குப் போகும் முன்பே பின் சீட்டில் அவள் அடங்கிவிட்டாள்.

அந்தக் காரில் டர்போ உண்டு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான். எவ்வளவு காற்று போகிறது என்று காட்ட முன்னால் ஒரு மீட்டர். ஏற்றத்தில் மிதித்தால் அதன் முள் மளமளவென்று மேலே போக வேண்டும். அந்த ராத்திரியிலிருந்து அது பாதியிலேயே நின்றது.

"காத்து எங்கயோ போகுது மச்சான். எங்கன்னு பாருங்க. லீக் இல்லன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

பாவம், வண்டிக் கோளாறால் பொண்டாட்டி செத்தாள் என்று தன்னையே தின்கிறான், அப்படித்தான் பெரியப்பா நினைத்துக்கொண்டார். ஃபில்டரை மாற்றினார். ஒவ்வொரு ஹோஸிலும் சோப்பு நுரை தடவினார். ஓட்டை இருந்தால் அங்கே குமிழி விடும். ஒரு குமிழி வரவில்லை. டர்போவின் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. வேறு மீட்டரை மாட்டினார். அதுவும் பாதிதான். பட்டறையில் அழுத்தம் கொடுத்தால் காற்று அப்படியே நிற்கிறது. மலையில் மட்டும் குறைகிறது. மண்டை காய்ந்துபோனார் மனுஷன். சரி, ஏறியே பார்த்துவிடலாம் என்று அன்று கூடப் போனார்.

ஏற்றம் தொடங்கியது. முள் பாதிக்கு வந்தது. பெரியப்பா குனிந்து பார்த்தார். அது சும்மா நிற்கவில்லை. கொஞ்சம் இறங்குகிறது... ஏறுகிறது... மறுபடி இறங்குகிறது. அவன் கால் அசையவே இல்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. ஈ...ஸ். ஒரு இடைவெளி. ஈ...ஸ். ஹோஸ் எல்லாம் முன்னால் பானட்டுக்கு அடியில். சத்தம் வந்தது பின்னாலிருந்து. முள் இறங்கும்போதெல்லாம் வந்தது. கூடவே ஒரு வாடை. தங்கை நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

அவர் திரும்பவில்லை. நீ திரும்பியிருப்பாயா? கிழித்தாய்.

"கேக்குதா மச்சான்?"

"என்ன கேக்கணும்? ரோட்டப் பாத்து ஓட்டு மாப்பிள்ள."

"தெனமும் வர்றேன். யாருக்காவது கேக்குதான்னு பாக்கத்தான் உங்களக் கூட்டிட்டு வந்தேன்."

"தூங்குறதே இல்லியா?"

"அப்புறம் தூங்கிக்கலாம்."

மீட்டர் வெளிச்சத்தில் அவனைப் பார்த்தார். சட்டை ஹாங்கரில் தொங்குவதுபோல் உடம்பில் தொங்கியது. தங்கைதான் போய்விட்டாள், இவனையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று நினைத்தார். கேட்ட சத்தத்தைப் பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த முள் ஏறிவிட்டால் இவன் வீட்டில் படுத்துத் தூங்குவான் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் மீட்டரின் கண்ணாடியைக் கழற்றினார். முள்ளைப் பிடுங்கி, மேலே தள்ளிக் குத்தினார். இனிமேல் கொஞ்சம் காற்று போனாலே அது கடைசியில் போய் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்.

"ஒரு ஹோஸ்ல பொடி வெடிப்பு மாப்பிள்ள. மாத்திட்டேன். போய் நிம்மதியாத் தூங்கு."

"வெடிப்பா? நெஜமாவா?"

பெரியப்பா தலையாட்டினார். அவன் முகம் செத்துப்போனது. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரி போன் அடித்தது.

"மச்சான்... முள்ளு முழுசா ஏறிடுச்சு. அசையவே இல்ல."

"அதான் சரி பண்ணியாச்சே!"

"இத்தன நாளா அவதான மச்சான் அந்தக் காத்த இழுத்துட்டிருந்தா. ஏத்தத்துல மிதிச்சாத்தான் அவளுக்கு மூச்சு கெடச்சுது. இப்ப அவ மூச்சு விடல. என்ன மச்சான் பண்ணீங்க?"

பெரியப்பா போனில் கத்தினார்.

"பொய்டா! நான்தான் முள்ள மாத்திக் குத்துனேன்! அவ இருக்காடா! நானும் கேட்டேன்டா, என் காதாலயே கேட்டேன்!"

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

பைக்கை எடுத்துக்கொண்டு விழுந்தடித்து ஏறினார். உச்சியில் கார் நின்றிருந்தது. ஹெட்லைட் எரிகிறது, இன்ஜின் ஓடுகிறது, ஓட்டுகிற சீட்டில் ஆள் இல்லை. அவன் பின் சீட்டில் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டிருந்தான். தொட்டால் சில்லென்று இருந்தான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அந்தக் காரைக் காயலான் கடையில் போடு என்று சொல்லாத ஆள் இல்லை. அவர் கேட்கவில்லை. முள்ளைப் பழையபடி குத்தினார். இப்போது தினமும் ராத்திரி அவர்தான் மலை ஏறுகிறார். பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. நெட்டையனின் பெரியம்மா கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். டர்போ நன்றாக இருக்கிறது. ஆனால் முள் முன்பு ஏறிய அளவுகூட இப்போது ஏறுவதில்லையாம்.

போன வாரம் நெட்டையன் பொறுக்கமாட்டாமல் கேட்டிருக்கிறான்.

"இதோட விட்டுத் தொலைங்க பெரியப்பா. ஒரு ராத்திரியாவது வீட்ல படுங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"எப்பட்றா விடுறது? மிதிச்ச கால எடுத்தா பின்னால ரெண்டு பேரும் இருமுறாங்க."