ஓடைக்கு மேற்கே ஓர் ஓட்டு

— அப்புறம் ஓடையில தண்ணி வந்துடுச்சு.

— நம்ம ஓடையிலயா? அதுல சாக்கடை ஓடினாலே பெருசு.

— கனவுலன்னு சொல்றேன்ல, அத்னான். குறுக்கே பேசாதே. கடைத்தெரு பூரா தண்ணி. செருப்புக்கடை, கோழிக்கடை, தங்கக்கடை எல்லாம் விளக்கு எரிஞ்சபடியே அடியில கிடக்கு. மேல படகு படகா மிதக்குது. ஒவ்வொரு படகுலயும் ஒரு மேசை, ஒரு அட்டைத் திரை, ஒரு நீலப் பெட்டி.

— ஓட்டுப்பெட்டியா?

— ஆமா. ஓடைக்கு இந்தப் பக்கத்து ஜனம், அந்தப் பக்கத்து ஜனம் எல்லாம் கலந்து உக்காந்திருக்கு. செத்துப்போன எங்க அத்தைகூட இருக்கா. யாரும் யார்கிட்டயும் அடையாள அட்டை கேக்கல. படகுக்காரன் என்னைப் பார்த்து, "வா ரௌதா, ஏறு"ங்கிறான். என் பேரு தெரியுது அவனுக்கு!

— மதியம் மக்லூபாவை ஒரு பிடி பிடிச்சிட்டுப் படுத்தா படகும் வரும், கப்பலும் வரும்.

— சட்டியை வழிச்சு நக்கினது நீ. பேச்சு எனக்கா?

— சரி தாயே, ஏறினியா?

— ஏறினேன். ஆடவே இல்ல படகு. திரைக்குப் பின்னால போனேன். தட்டுல சீட்டெல்லாம் அடுக்கி வச்சிருக்கு, வெள்ளை வெளேர்னு. ஒண்ணை எடுத்துக் கவர்ல போட்டு நாக்கால ஒட்டப் போறேன், நீ விட்டே பாரு ஒரு குறட்டை. முழிப்பு வந்துடுச்சு.

— யா அல்லாஹ்! என் குறட்டையால ஒரு ஓட்டு போச்சா?

— உன்னால போன ஓட்டு ஒண்ணா ரெண்டா, மனுஷா?

— ஆரம்பிச்சிட்டியா. லீவு நாளும் அதுவுமா ஒருத்தன் நிம்மதியா படுக்கக் கூடாது.

— லீவு எதுக்கு விட்டிருக்கான், படுக்கவா? போய் ஓட்டுப் போடத்தானே?

— நான் படுத்திருக்கல. புறக்கணிச்சிட்டிருக்கேன்.

— போர்வைக்குள்ள இருந்தா?

— எங்க இருந்தா என்ன? கொள்கை கொள்கைதான்.

— உன் கொள்கைக்கு ஒரு தலகாணி வேற. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற. ஆ... செக்கு ஓடுது, வாசனை வருதா? புது எண்ணெய். இந்த வெளிச்சத்தைப் பாரேன், ஊரே எண்ணெயில நனைஞ்ச மாதிரி கிடக்கு. எங்க உம்மா மாடியில போர்வையை இன்னும் எடுக்கல. பனி இறங்கப் போகுது, மறந்துட்டா போல.

— இங்கேருந்து ஒரு குரல் கொடு, கேக்கும்.

— கேக்கும். அவ்வளவு கிட்டக்கத்தான் இருக்கு. ஆனா பாரு, அந்த மாடி வேற நாடாம்.

— நாடுகூட இல்ல அது.

— நான் விளையாட்டுக்குப் பேசல, அத்னான். ஒரே ஊரு, ஒரே குலம். ஓடைக்கு இந்தப் பக்கம் பொறந்த நீ இஸ்ரேல் குடிமகன். ராணுவம் பிடிச்சு வச்சிருக்கிற அந்தப் பக்கம் பொறந்த நான் வருஷா வருஷம் அனுமதிக்குக் கை கட்டி நிக்கிற விருந்தாளி. மூணு புள்ளை பெத்த விருந்தாளி! பல்லு வலிச்சா ஓடையைத் தாண்டி ஓடணும். நம்ம வண்டி ஸ்டியரிங்கை நான் தொடக் கூடாது. நாளைக்கு அனுமதி இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா, நான் இந்தக் கட்டில்ல படுக்கிறதே குத்தம்.

— ஓடை தாண்டிக் கட்டிக்கிட்டு வந்தவளுக்குக் குடியுரிமை கிடையாதுங்கிற அந்தச் சட்டத்தை நானா போட்டேன்?

— போட்டவங்களை அனுப்பினது யாரு? போன வருஷம் அது பாராளுமன்றத்துல ஓட்டுக்கு வந்தப்ப ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி நின்னு சட்டம் விழுந்துச்சே. இனிப்பா இருக்கட்டும்னு தெருவுக்கே கனாஃபா வாங்கிக் கொடுத்தேனே, ஞாபகம் இல்ல?

— இருக்கு. அடுத்த மார்ச்சுல அதைத் திரும்ப எழுப்பிக் கொண்டாந்ததும் ஞாபகம் இருக்கு. விழுந்ததுகூட நமக்காக இல்ல, ரௌதா. எதிர்க்கட்சிக்காரன் அரசாங்கத்தைக் கவுக்கப் போட்ட ஓட்டு. நம்ம ஆளுங்க உள்ள போய் எதை நிறுத்தினாங்க? நாங்க போடுற ஓட்டு சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு. தெருவுல போறவனுக்கு வீடு பளிச்சுன்னு தெரியும். உள்ள இருக்கிறவனுக்கு மழை ஒழுகும்.

— எனக்கு அந்தச் சுண்ணாம்பைக்கூட ஒருத்தனும் கொடுக்கலியே.

— உங்க பக்கமும்தான் ரெண்டாயிரத்து ஆறுல போட்டீங்க. உம்மா வீட்டுக்கு நடந்து போய் நீயும் போட்டுட்டு வந்தே. என்ன ஆச்சு?

— அதோட பாராளுமன்றத் தேர்தலே வைக்கல. அந்தப் பெட்டியில இப்ப யார் வீட்டுக் கோழி முட்டை போடுதோ.

— பார்த்தியா? எனக்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல், உனக்கு ஆயுசுக்கு ஒண்ணு. பலன் ஒண்ணுதான்.

— ஒண்ணுன்னு நீ சொல்லாதே. வயிறு நிறைஞ்சவன் வந்து, சாப்பாட்டுல என்ன இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு. அந்தா, வண்டி போகுது கேளு. "இன்னும் நேரம் இருக்கு, வாங்க, வாங்க"ன்னு கத்துறான்.

— காலையிலேருந்து கத்துறான் பாவம். தொண்டைக்கு ஒரு டீ கொடுக்கணும் அவனுக்கு.

— அத்னான்.

— ம்.

— காபிக்கடையில நீ பேசுற பேச்சு எனக்கு மனப்பாடம். சுண்ணாம்பு, ஒழுகல் எல்லாம். அதை விடு. என்கிட்ட உண்மையைச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னால ஓட்டு நாளன்னைக்கு முத ஆளா நிக்கிறவன் நீன்னு உன் தங்கச்சி சொல்லியிருக்கா. அப்புறம் என்னதான் ஆச்சு? என்ன, சுவத்துப் பக்கம் திரும்பிட்டே, தூங்கிட்டியா?

— இல்ல.

— அப்ப திரும்பிப் படு. முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— இப்படியே இருக்கட்டும். சுவத்தைப் பார்த்தா சொல்ல வருது.

— சரி, சுவத்துக்கே சொல்லு. நான் ஒட்டுக் கேக்கிறேன்.

— நமக்குக் கல்யாணம் ஆன பனிக்காலத்துல ஒரு தேர்தல் வந்துச்சு. பெரியப்பா வீட்டுல குலத்து ஆம்பளைங்க எல்லாம் கூடினோம். அவர் ஒரு கட்சி பேரைச் சொன்னாரு. குடிச்ச காபியை வச்சிட்டு எல்லாரும் எந்திரிச்சோம். அப்ப அதானே வழக்கம்.

— ம்.

— நீ பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் கூட வந்தே. பச்சைக் கோட்டு. மழையும் இல்லாம வெயிலும் இல்லாம ஒரு தூறல், இன்னைக்கும் கண்ணை மூடினா அந்தத் தூறல் பெய்யுது எனக்கு. நான் உள்ள போனேன். நீ வெளிய மரத்தடியில நின்னே. திரும்பி வந்து, ஆச்சுன்னேன். யாருக்குன்னு கேட்டே. சொன்னேன். நீ அழுதே, ரௌதா. வீடு வர்ற வரைக்கும் கோட்டுக் கையால துடைச்சுத் துடைச்சு அழுதே.

— அழுதேன்.

— என் பொண்டாட்டியை வாசல்ல நிக்க வச்சிட்டு நான் மட்டும் உள்ள போனேனேன்னு நெஞ்சு அறுந்துடுச்சு எனக்கு. அன்னைக்கே முடிவு பண்ணேன். இவ நுழைய முடியாத வாசல்ல நானும் நுழையிறதில்லன்னு. ஊருல பெரிய கொள்கைக்காரன்னு பேரு வச்சாங்க, வச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். கொள்கையும் இல்ல, மண்ணும் இல்ல. நீதான்.

— இத்தனை வருஷமா?

— ஆமா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?

— சொன்னா போடச் சொல்லுவே. உன்னை விட்டுட்டு எப்படிப் போவேன்?

— அட என் அப்பாவி மனுஷா... இந்தா, இப்படித் திரும்பு.

— என்ன இது, கண்ணெல்லாம்... அழுறியா, சிரிக்கிறியா?

— ரெண்டும் சேர்ந்து வருது, என்ன பண்றது. உன்னைக் கட்டிக்கிறதா அடிக்கிறதான்னு தெரியல.

— அடிக்க என்ன இருக்கு இதுல?

— ஓட்டு இல்லைன்னு நான் அழல, அத்னான். இன்னைக்காவது நீ ஒரு வார்த்தை, "ரௌதா, யாருக்குப் போடட்டும்"னு கேப்பியான்னு பார்த்துப் பார்த்து அந்த வாசல் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே வந்தேன்; நீ போய் உன் பெரியப்பா சொன்ன பேரைப் போட்டுட்டு வந்து சிரிக்கிறே, அதுக்கு அழுதேன்!