றீற்றா மாத்தின பல்ப்

— திரும்பவும் பிழைச்சுப்போச்சு! றீற்றா, இந்த எல்ஈடி சனியனைக் கழட்டி எறி எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

— இஞ்சேருங்கோ, வலையைத் தாங்கோ பாப்பம்… மூண்டு கண்ணைச் சேர்த்து ஒரே முடிச்சாப் போட்டு வைச்சிருக்கிறியள்.

— வெளிச்சம் இருந்தாத்தானே முடிச்சு விழும்! முந்தி இந்தக் கதிரையில இருந்து கதைச்சுக்கொண்டே கிழிஞ்ச வலை பொத்தினவன் நான். போன கிழமை நீ வீடு முழுக்கப் பல்ப்பை மாத்தினாய், அண்டையில இருந்து கண்ணைக் கட்டி விட்டமாதிரிக் கிடக்கு.

— கரண்ட் பில்லைப் பாத்து நீங்கள்தானே துள்ளினீங்கள்? பழைய பல்ப் கரண்டையும் குடிச்சு, வீட்டையும் சூளைமாதிரிச் சுட வைச்சது. நிரோஷினியும் சொன்னவள், எல்லாத்தையும் மாத்துங்கோ அம்மா எண்டு. சரி சரி எண்டு மாத்தினன். பக்கத்து வீட்டு ஜெஸ்மின் பாத்துட்டு, அக்கா, உங்கட குசினி பகல்மாதிரிக் கிடக்கு எண்டுட்டுப் போறாள்.

— ஜெஸ்மினுக்கு என்ன, தேங்காய் திருவத்தானே வெளிச்சம்! கடல் தொழில்காரன்ர கண்ணுக்கு இது ஒத்துவராது. அங்க பார், பல்ப்பைச் சுத்தி வட்டம் நிக்குது. மழைக்கு முந்தி நிலவைச் சுத்தி நிக்குமே, அந்தமாதிரி. நல்ல பல்ப்புக்கு வட்டம் நிக்குமே?

— எனக்கு வட்டம் ஒண்டும் தெரியேல்லையே.

— உனக்கு எப்பிடித் தெரியும்? நீதானே வாங்கினனி!

— கேளுங்கோ, கோவிக்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை ஸெய்னுதீன் நானாவின்ர வலைக்கு மேலால போட்டை விட்டு, வலையை வெட்டிப்போட்டு வந்தனீங்கள். அது ஏன்?

— அவர் மிதப்பில லைற் கட்டேல்ல. இருட்டுக்குள்ள கிடக்கிற வலையை நான் என்னெண்டு காணுறது?

— கட்டித்தான் இருந்ததாம். எங்கட டிலுக்ஷன் கண்டு, அங்கால திருப்புங்கோ அப்பா எண்டு கத்தினவனாம்.

— ஓகோ, உன்ர மகன் வந்து கோள் மூட்டினவனோ?

— அவன் அழுதவன். அப்பாவுக்குக் கண் தெரியேல்ல அம்மா, சொன்னால் எரிஞ்சு விழுறார் எண்டு இதில இருந்து அழுதவன்.

— என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லை. இந்தப் பல்ப்புக்குக் கீழ இருந்து இருந்து கூசிப்போச்சு. அவ்வளவுதான்.

— அப்ப ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுவமே. கண்ணில வெள்ளை படர்ந்தால் இப்ப சுகமா எடுத்து விடுறாங்கள். ஜெஸ்மின்ர மனிசன் எடுத்துப்போட்டுத் தொழிலுக்குப் போறார்தானே?

— ஞாயிறு முடியட்டும்.

— ஞாயிறுதானே என்ர பயமே! திருநாளுக்கு மாதாவின்ர சுரூபத்தை ஏத்திக்கொண்டு துறைமுகத்தைச் சுத்தப் போறது எங்கட போட். பாட்டுப் பாடுற சின்னப் பிள்ளையள் எல்லாம் அதுக்குள்ள. முன்னுக்கும் பின்னுக்கும் ஊர் போட்டெல்லாம் நெருக்கிக்கொண்டு வரும். கரைக்குத் திரும்ப இருட்டிப்போடும். நினைக்க நினைக்க நெஞ்சு பதறுது எனக்கு.

— என்ர ஐயா பிடிச்ச சுக்கான் அது. அவருக்குப் பிறகு நான். சுனாமிக்கு அடுத்த வருசம் போட் இல்லாமல் நிண்டும், இரவல் போட்டில கொண்டுபோனனான். கண் பழுது எண்டு ஒருக்கா வாய் விட்டால் பிறகு கோயில் பங்குச் சுவாமி சுக்கானை எனக்குத் தருவாரே? "கிறிஸ்தோபர், நீர் கரையில நிண்டு செபமாலை சொல்லும்" எண்டுவார். அதைக் கேட்டுக்கொண்டு நான் உயிரோட இருக்கவோ?

— பிள்ளையளுக்கு ஒண்டு நடந்தால் மட்டும் இருப்பீங்களோ?

— ஏனடி அப்பிடிக் கதைக்கிறாய்…

— வேற எப்பிடிக் கதைக்கிறது? சொல்லித் தாங்கோ, அப்பிடியே கதைக்கிறன்.

— சரி, உன்னை வெல்ல ஏலாது. ஒண்டு செய்வம். அந்தப் பழைய மஞ்சள் பல்ப்பை எறிஞ்சுபோட்டியோ?

— எறியேல்ல.

— அதைத் திருப்பி மாட்டுவம். அதுக்குக் கீழயும் என்ர முடிச்சுப் பிழைச்சால், அதைச் சுத்தியும் வட்டம் நிண்டால், நானே சுவாமியிட்டைப் போறன். ஞாயிறு சுக்கான் டிலுக்ஷனுக்கு எண்டு என்ர வாயாலயே சொல்லுறன்.

— மாதா அறியச் சொல்லுறீங்களோ?

— ஓம், மாதா அறிய. எனக்கென்ன பயம்? பிழை பல்ப்பிலதானே.

— பிறகு கதை மாறக்கூடாது.

— மாறாது. கதிரையை இஞ்சால தள்ளு. நீ ஏற வேண்டாம், முழங்கால் நோக்காரி. நானே கழட்டுறன். சுவிச்சை நிப்பாட்டு.

— நிப்பாட்டிட்டன். பொறுங்கோ, துணி ஒண்டு தாறன். சுத்திப் பிடிச்சுக் கழட்டுங்கோ.

— எல்ஈடிக்கு எதுக்குத் துணி? முந்தாநாள்கூடத் தொட்டுப் பாத்தனான், எரிஞ்சுகொண்டிருக்கேக்கயும் அது பெரிசாச் சுடாது… ஆ! என்னடி இது, விரல் வெந்துபோச்சு!

— சுடும்தானேப்பா. இண்டைக்கு மத்தியானம் நீங்கள் படுத்திருக்கேக்க, உங்கட பழைய பல்ப்பைத்தான் நான் திருப்பி மாட்டி வைச்சனான்.