போட்ட மாலையைக் கழற்றாத ஊர்

தணிகை மலையின் தண்ணிழலில், நோயுற்றோர்க்குத் துணையாய், நொந்தோர்க்கு நம்பிக்கையாய், மருந்துப் பெட்டியையும் மன உறுதியையும் ஒருசேரச் சுமந்து, சொல்லிலே கனலும் செயலிலே கனிவும் குன்றாது பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் தலைமைச் செவிலியர், ஊர் மருத்துவ நிதியின் ஓயாத காவலர், ஹேமாவதி அம்மையார் அவர்களே! வணக்கம்! வாழிய நீவிர்!

இதற்கு மேல் உங்களை நேருக்கு நேர் புகழ எங்களுக்குத் துணிவில்லை அம்மா. முகத்துக்கு நேரே யாராவது புகழ்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவீர்கள். போன பொங்கல் விழாவில் பார்த்தோமே! ஆகவே நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள். உங்களைப் பற்றி அவையோரிடம் சொல்லிக்கொள்கிறோம்.

அவையோரே! சூரனை வென்ற முருகப் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த மலை இது. அவருக்கே தணிந்த சினம் எங்கள் அம்மையாருக்கு மட்டும் இன்றுவரை தணியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு வந்து நிற்பவரைக் கண்டால் ஏசுவார். ஏசிக்கொண்டே கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடிமேல் வைத்துத் துடைத்து மருந்து கட்டுவார். அவரிடம் திட்டு வாங்கவே வருகிறவர்களும் உண்டு. வீட்டில் இத்தனை அக்கறையாகத் திட்ட ஆள் இல்லையாம்.

கே.ஜி.கண்டிகைச் சாலையோரம் இருந்த நம் சமூக மருத்துவமனை ஊர் கூடி எழுப்பியது. அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் தறிக்கூலியில் ஒரு பங்கு தந்தார்கள். உழவர்கள் கரும்பு வெட்டிய கையோடு தந்தார்கள். நிலமில்லாதவர்கள் கூலியில் கிள்ளித் தந்தார்கள். அந்த நிதியைச் சென்னையிலுள்ள அறக்கட்டளை பாதுகாத்து வந்தது. பிறகு மருத்துவர்கள் நிலைக்கவில்லை, கூரை ஒழுகியது, மருத்துவமனையை மூடிவிட்டார்கள். அம்மையார் அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். "கட்டடந்தானே போச்சு? ஒரு வண்டிய வச்சிகினு ஊர் ஊராப் போலாம் வாங்க" என்றார். அப்படித்தான் அந்த நிதியில் நம் மருத்துவ வண்டி ஓடத் தொடங்கியது.

அவரால் தாங்க முடியாத செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. ஊர் கொடுத்த நிதியையும் சென்னையில் எழும்பும் புதிய மருத்துவமனையோடு சேர்த்துவிடப் போகிறார்களாம்! நிதி போனால் வண்டி ஏது, மருந்து ஏது? பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் இன்சுலினுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை பேருந்து மாறுவார்? அம்மையார் அன்று மதியம் சோறு எடுக்கவில்லை.

நிதிக் கணக்கை முடித்துவைப்பதற்கு அறக்கட்டளையின் செயலாளரே நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அவர் வேறு யாருமல்லர். இதோ, இன்றைய சிறப்பு விருந்தினராக அமர்ந்திருக்கும் ராஜகோபால் ஐயா அவர்கள்தாம். ஐயா எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

நிதி பறிபோனால் என்ன ஆகும் என்று மக்களே அவரிடம் சொல்லட்டும் என்பது அம்மையாரின் எண்ணம். ஆட்டோ நிறுத்தத்தில் போய், "பெரியவரு ஆஸ்பத்திரிக்கு வர்றாரு, எல்லாரும் வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பூட்டிய ஆஸ்பத்திரிக்குப் பெரியவர் எதற்கு வருவார்? திறக்கத்தானே வருவார்! செய்தி ஆட்டோவில் ஏறி அம்மையார்குப்பம் போவதற்குள் திறப்பு விழா ஆகிவிட்டது. பள்ளிப்பட்டை எட்டியபோது புது டாக்டரே வந்து சேர்ந்துவிட்டார்.

அன்று முகூர்த்த நாள் வேறு. மலையில் கல்யாணம் முடித்து இறங்கிய மேளக்காரர்களை யாரோ அழைத்து வந்துவிட்டார்கள். ஐயாவின் கார் வந்து நின்றதும் மேளம் முழங்கிற்று, ஆரத்தி சுற்றினார்கள். பள்ளிப்பட்டு குப்பம்மாள், கழனி வேலைக்குப் போகிறவர், நம்மிடம் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், தன் கையால் கட்டிய சாமந்தி மாலையை ஐயாவின் கழுத்தில் போட்டார். நிதியை எடுத்துப்போக வந்த ஐயா, மாலையும் கழுத்துமாய் எல்லாரையும் கும்பிட்டார்.

பேசாமல் இருந்திருந்தால் அம்மையார் வென்றிருப்பார். அத்தனை பேர் நடுவில் "நிதியை எடுத்துப்போக வந்தேன்" என்று எந்த மனிதரால் சொல்ல முடியும்? ஆனால் அம்மையார் ஒலிபெருக்கியை வாங்கி, "நீங்க நெனச்சிகினு வந்தது தப்புங்க. ஐயா தொறக்க வரல. நம்ம நிதிய சென்னைக்கு எடுத்துகினு போவ வந்துருக்காரு" என்று போட்டு உடைத்துவிட்டார். மேளம் நின்றது.

ஏன் சொன்னீர்கள் என்று பின்னொரு நாள் வண்டியில் போகும்போது கேட்டோம். "சும்மா இருந்துடலாம்னு எனக்கும் தோணிச்சுபா. ஆனா மால போட்ட ஜனங்ககிட்ட உண்மைய மறச்சி வச்சிகினு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு அவங்கள மாத்திர போடச் சொல்றது?" என்றார். எங்களுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று முற்றத்தில் ஐயா மெல்ல மாலையைக் கழற்றப் போனார். குப்பம்மாள் அவர் கையைத் தடுத்தார்.

"ஆங், தெரிஞ்சுபோச்சு, வுடு. அதுக்குன்னு போட்ட மாலைய கழட்டுவாங்களா? எங்க ஊருல அந்த வழக்கமே இல்ல. மால இருக்கட்டும் நைனா. நீ வந்த வேலைய மாத்திக்க."

கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஐயாவும் சிரித்தார். கழுத்தில் மாலையோடு வேப்பமரத்தடிக்குப் போய் வெகுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். "ஹேமாவதி அம்மா பொறுப்பில் இருக்கும்வரை நிதி இங்கேயே இருக்கும். என்னால் முடிந்தது இவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லை ஐயா இன்றுவரை காப்பாற்றியிருக்கிறார், நன்றி. நம் மருத்துவ வண்டி ஓடுகிறது. இன்சுலின் தவறாததால், சர்க்கரைப் புண்ணுக்கு எடுக்க நேராமல், குப்பம்மாளின் கால் அவருக்கே இருக்கிறது, கழனிக்கும் போய்வருகிறார்.

ஆனால் அவையோரே, "இருக்கும்வரை" என்ற சொல் இன்று மாலையோடு முடிகிறது. இந்த விழாவுக்கு நாள் குறித்ததிலிருந்து அம்மையாருக்குச் சரியான உறக்கமில்லை. தமக்குப் பின் ஷோபனா வண்டியை நடத்துவார் என்று அவருக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாகக் கூடவே வைத்து, எங்களைத் திட்டியதைவிட அதிகமாகத் திட்டி வளர்த்த செவிலி அல்லவா! நடத்த ஆள் இருக்கிறார். நிதி இருக்குமா என்பதுதான் அவர் கவலை.

அம்மா! இப்போது உங்களிடமே பேசுகிறோம், எழுந்து போகாதீர்கள். எங்களைத் திட்டி ஆளாக்கிய தாயே! உங்களுக்கும் இரத்த அழுத்தம் உண்டென்பது எங்களுக்குத் தெரியும். வேளை தவறாமல் மாத்திரை போட்டு, வாரம் ஒருமுறை வண்டி வரும்போது வரிசையில் நின்று, ஷோபனாவிடம் திட்டு வாங்கி, நூறாண்டு நோயின்றி வாழுங்கள்! தணிகைநாதன் அருளால் உங்கள் சினம் மட்டும் தணியாதிருக்கட்டும்! நிதியைப் பற்றிய கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

ஏனென்றால் இந்த மேடையில் இரண்டு மாலைகள் இருக்கின்றன. ஒன்று உங்களுக்கு. மற்றொன்றைக் குப்பம்மாள் விடியலில் கட்டி, பள்ளிப்பட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். வாசலில் மேளக்காரர்களும் வந்து நிற்கிறார்கள்.

ராஜகோபால் ஐயா, தலையைக் கொஞ்சம் குனியுங்கள்.

என்றும் அன்புடன்,
நடமாடும் மருத்துவ வண்டியின் செவிலியர், ஓட்டுநர், பணியாளர்கள்
திருத்தணி