பாலத்துக்குள் நின்றவள்

— நான் அவசரப்படுத்தல தம்பி. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. அவ எலும்ப எடுத்துக் குடுத்தீங்கன்னா, இந்தப் பெட்டியில வச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்.

— வந்துங்கம்மா... இது பாலம் பிரிக்கிற இடம். மேலருந்து கல்லு விழும். இந்தத் தொப்பியையாவது தலையில போட்டுக்குங்க.

— எங்க பாலத்துக் கல்லு என் தலையிலயே விழுமா? நல்லாச் சொன்னீங்க போங்க. நான் யாருன்னு யாரும் சொல்லலையா உங்களுக்கு?

— சொன்னாங்கம்மா. பாலத்து வீட்டம்மான்னு.

— ஆங். இதக் கட்டின பெரிய கொத்தனார் வம்சத்துல வாக்கப்பட்டவ நான். உள்ள நிக்கிறாளே, அவளும் எங்க வீட்டு மருமகதான். எனக்கு எத்தனையோ தலைமுறைக்கு மூத்தவ. எஞ்சினியர்னு வந்திருக்கீங்க, அவ கதை தெரியுமா உங்களுக்கு?

— வாட்ச்மேன் அரைகுறையாச் சொன்னாரும்மா.

— அவன் கெடக்கான். நான் சொல்றதக் கேளுங்க. பகல்ல இந்தத் தூணக் கட்டுவாங்களாம், பொழுது விடிஞ்சா தண்ணி கொண்டு போயிருக்குமாம். அவ ஆத்துல துணி தொவைக்க வந்த அன்னைக்கு மட்டும் கல்லு அசையாம நின்னுச்சாம். ஆறு இவளக் கேக்குதுன்னு ஊர் கூடிப் பேசிருச்சு. பெரிய கொத்தனாருக்கு மகன் பொண்டாட்டி. என்ன பண்ணுவாரு? ஒலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?

— சரிங்கம்மா.

— “அம்மாடி, சுவர் நேரா இருக்கான்னு பாக்குற என் தூக்குக்குண்டு தூணுக்குள்ள விழுந்துருச்சு, எறங்கி எடுத்துக் குடு”ன்னாரு. எறங்கினா. இவரு கல்லு அடுக்க ஆரம்பிச்சாரு. இடுப்புக்கு வந்துச்சு, கழுத்துக்கு வந்துச்சு. அவ வாயத் தெறக்கல தம்பி! ஒரு வார்த்த, ஒரு ஐயோ, ஒண்ணும் கெடையாது. கடைசிக் கல்ல அவரே தன் கையால வச்சாரு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் பாலம் நிக்குதா இல்லையா?

— நின்னுச்சும்மா. நல்ல கட்டுமானம். அஸ்திவாரம் பாறை வரைக்கும் போகுது.

— அஸ்திவாரமாம்! நான் எதச் சொல்றேன், நீங்க எதச் சொல்றீங்க? இந்த ஊர்ல எந்த விசேஷம்னாலும் எங்களுக்குத்தான் முன்வரிசை. எங்க வீட்டுல பொண்ணு எடுக்க நான் நீன்னு வருவாங்க. பாலத்து வீட்டுப் பொண்ணா, வாய் தெறக்காது, கண்ண மூடிக்கிட்டுக் கட்டலாம்பாங்க. அதான் சொல்றேன், அவளக் கண்டவன் கையும் தொடக்கூடாது. நானே எடுத்து வைக்கிறேன். புதுத் துணி கூடக் கொண்டாந்திருக்கேன், பாருங்க.

— அம்மா... கொஞ்சம் உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— தண்ணி எதுக்கு? நீங்க ஏன் மென்னு முழுங்குறீங்க?

— அந்தத் தூண நேத்தே தெறந்துட்டோம்மா.

— தெறந்துட்டீங்களா! எனக்கு ஆள் அனுப்பாமயா?

— அனுப்பத்தான் நெனச்சேன். என்னன்னு சொல்லி அனுப்புறதுன்னு தெரியல. உள்ள எலும்பு இல்லம்மா.

— மக்கிப் போயிருக்கும். எத்தனை காலமாச்சு!

— மக்கினாலும் பல்லு இருக்கும். கையில காப்பு போட்டிருந்தா அது இருக்கும். ஒண்ணுமே இல்ல. ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம் மட்டும் இருக்கு.

— நீங்க வேற தூணத் தெறந்துட்டீங்க.

— வாங்க, காட்டுறேன். பாத்து, படி வழுக்கும். என் கையப் பிடிச்சுக்குங்க... குனிஞ்சு வாங்க. ஆங். இந்த டார்ச்ச வச்சுக்குங்க. இதுதான் அவங்க நின்ன எடம்.

— எவ்வளவு சின்னது... மூச்சு முட்டுது தம்பி.

— இப்ப இந்தப் பக்கம் பாருங்க, ஆத்துப் பக்கம். மத்த சுவரெல்லாம் சுண்ணாம்புக் கலவை, கடப்பாரைய வச்சாக்கூட அசையல. இந்த எடத்துல மட்டும் கலவையே இல்ல. கல்ல சும்மா அடுக்கி வச்சிருக்காங்க. உள்ள இருக்கிறவங்க கையால தள்ளினாப் போதும், ஒவ்வொண்ணா விழுந்துடும். ஒரு ஆள் தவழ்ந்து போற வழி.

— பாலம் பழசாச்சு. தண்ணி அரிச்சிருக்கும்.

— தண்ணி அரிச்சா இப்படிச் சதுரமா அரிக்காதும்மா. நேத்து நாங்க ரெண்டு கல்ல எடுத்திருக்கோம், அது வழியா வெளிய எட்டிப் பாருங்க. கயிறு கட்டி எறங்க ஒரு இரும்பு வளையம் அடிச்சிருக்கு. அவங்க போனப்புறம் யாரோ வெளியருந்து இந்த வழிய மறுபடி அடைச்சு மேலாக்கப் பூசியிருக்காங்க.

— யாரோன்னா யாரு?

— கல்லுல ஒரு கீறல் தெரியுதா? மீன் மாதிரி? ஒவ்வொரு கொத்தனும் தன் கல்லுல ஒரு அடையாளம் போடுவான். இந்த மீன் வேற எங்கயும் இல்லம்மா. பாலத்து உச்சிக் கல்லுல இருக்கு. இங்க இருக்கு.

— எங்க வீட்டு வாசப்படியில இருக்கு.

— அப்ப பெரிய கொத்தனார்தான்.

— இருங்க... இந்த மீனத் தொட்டுப் பாத்துக்கிறேன்.

— அம்மா? உக்காரணுமா? மேல போயிடலாமா?

— தம்பி, இது யார் யாருக்குத் தெரியும்?

— எனக்கும், கூட வேலை செஞ்ச ரெண்டு பேருக்கும்.

— அவங்க வாயத் தெறக்காம இருப்பாங்களா?

— எதுக்கும்மா?

— நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. பெட்டிய மூடிக் குடுத்துட்டா உள்ள என்ன இருக்குன்னு யார் பாக்கப் போறாங்க? ஏதாவது ரெண்டு எலும்ப... கசாப்புக் கடையில சொன்னா...

— அம்மா!

— ஏன் அப்படிப் பாக்குறீங்க?

— நான் பாக்கலம்மா. கீழதான் பாத்துக்கிட்டிருக்கேன்.

— ஊரே வந்து மேல நிக்குது தம்பி. வெறும் பெட்டியோட எப்படிப் போவேன்? ஆட்டெலும்பா இருந்தா என்ன, கும்புடுறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதானே...

— டார்ச்ச இப்படிக் குடுங்கம்மா.

— ஐயோ. நானா இதக் கேட்டேன்? வாய் கூசுது. கேக்காத மாதிரி இருந்துடுங்க தம்பி.

— நான் ஒண்ணும் கேக்கலம்மா. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு நேத்து இதப் பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு பொழச்சிருச்சு. மாமனார் ஊருக்கு முன்னாடி கல்ல வச்சுட்டு, ஊருக்குத் தெரியாம வழியும் விட்டிருக்காரு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஊருக்கே சொல்லலாமே.

— உங்களுக்குத் தெரியாது. ஊர விடுங்க. ஊருக்காகவா நான் இப்படிக் கெடந்து தவிக்கிறேன்?

— அப்பறம்?

— எனக்கு ஒரு பொண்ணு. ஒரே பொண்ணு. கட்டிக்குடுத்த மொத வருஷமே ஒரு நாள் வந்து வாசல்ல நின்னா. கையில சூடு வச்ச தழும்பு. புருஷன் வச்சது. “இனிமே அங்க போகமாட்டேம்மா”ன்னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இங்க கூட்டிட்டு வந்தேன்.

— இங்கயா?

— இந்தத் தூணுக்குத்தான். “கைய வையி”ன்னேன். அந்தச் சூடு பட்ட கையத்தான் வச்சா. “ஒருத்தி கல்லுக்குள்ளயே நின்னாடி. உனக்கு வீட்டுக்குள்ள நிக்க முடியலையா?”ன்னு கேட்டேன். அவங்கப்பா தள்ளி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. ஒரு வார்த்த பேசல. அவரு எப்பவும் பேசமாட்டாரு, புள்ளப்பூச்சி. அடுத்த பஸ்ல நானே ஏத்திவிட்டேன்.

— அப்புறம் வந்தாங்களா?

— வரவே இல்ல. நான் போன் பண்ணா “நல்லா இருக்கேன்”னு ரெண்டு வார்த்த. பாத்தியா, என் பொண்ணு வாயத் தெறக்கலன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் தம்பி. பெருமையா! இப்ப இந்த ஓட்டையப் பாத்தா... அந்த மனுஷன் வேத்து வீட்டுப் பொண்ணுக்கு வழி விட்டிருக்காரு. நான் பெத்த பொண்ணுக்கு விடல.

— போன் பண்ணுங்கம்மா.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?

— மூஞ்சி போன்ல தெரியாதும்மா. குடுங்க, நானே போட்டுத் தரேன். எந்தப் பேரு? “கண்ணு”ன்னு இருக்கே, இதா?

— அதுதான். நீங்களே போட்டுக் குடுங்க.

— ஸ்பீக்கர்ல போட்டுக் கல்லு மேல வச்சிருக்கேன். பேசுங்க. நான் வெளிய நிக்கிறேன்.

— அம்மா? என்ன, பகல்ல கூப்புடுற?

— கண்ணு... நான்தான். நல்லா இருக்கியா?

— நல்லா இருக்கேன்.

— அப்படிச் சொல்லாதடி. அந்த ரெண்டு வார்த்தய மட்டும் சொல்லாத. நான் பாலத்துலருந்து பேசுறேன். உள்ள யாரும் இல்லடி. அவ போயிட்டா. அன்னைக்கே போயிட்டா. பெரிய கொத்தனாரே வழி விட்டிருக்காரு. நான் உனக்குச் சொன்ன கதை பொய்.

— அழுறியாம்மா?

— நீ கெளம்பு. துணிமணி எதுவும் எடுக்காத, கட்டின துணியோட வா. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்குறேன். உங்கப்பாவ நாளைக்கே அனுப்புறேன், அவரு வாயில்லாப் பூச்சிதான், ஆனாலும் கூட்டிட்டு வந்துடுவாரு...

— அம்மா, அப்பா உன் பக்கத்துல இருக்காரா?

— இல்ல, வீட்டுல இருக்காரு. ஏன்?

— அப்ப அவரு இன்னும் சொல்லல.

— என்ன சொல்லல?

— நீ பஸ் ஏத்திவிட்ட மறுநாளே அப்பா வந்து என்னைக் கூட்டிட்டு வந்துட்டாரும்மா. நான் இங்க வேற ஊர்ல தனியாத்தான் இருக்கேன், வேலைக்குப் போறேன். “யாருக்கு வேணாலும் தெரியட்டும், உங்கம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவா”ன்னு சொல்லியிருக்காரு.