புத்தகத்தில் அப்பா இல்லை

— டிவி தொடர்ல அஞ்சு முடிஞ்சு நேரா ஏழுக்குப் போனோமே, நடுவுல ஆறாவது பகுதி எங்கங்க?

— அது ஒரே இழுவை. அதான் தள்ளிவிட்டேன்.

— அப்ப நீங்க மட்டும் பாத்திருக்கீங்க.

— நீ ஆஸ்பத்திரில டோக்கன் குடுத்துக்கிட்டிருந்தே, எனக்கு லீவு. அது கெடக்கட்டும், புத்தகத்த எடு. இன்னிக்குப் பதினெட்டாவது அத்தியாயம்.

— நமக்குள்ள என்ன பேச்சு? ஒரு அத்தியாயம் நான் படிச்சுக் காட்டணும், அப்பறம் அந்த இடத்த ரெண்டு பேரும் சேந்து டிவில பாக்கணும். இத்தன மாசத்துல ஒரு நாள் தப்பியிருக்கமா, சொல்லுங்க பாப்போம்.

— பேய் ஏறுற பஸ்ஸு, வீட்ட விட்டு ஓடிவந்த பையன் அதுல கண்டக்டர். இதுல என்னடி கெடைக்கப்போவுது நமக்கு?

— நம்ம பய விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கான். எங்க போனான்னு ஏதாச்சும் ஒரு வரில இருக்காதான்னு பாக்குறேன். அவன் கடைசியாப் படிச்ச புத்தகம் இது. நாப்பதாம் பக்கத்தோட கோடு நின்னுபோச்சு.

— தெரியும்.

— மருந்துக் கவுண்டர்ல இருக்குற பொண்ணு இன்னிக்குச் சொல்றா, 'ஆறாவது பகுதி பாத்தீங்களாக்கா, அந்த அப்பா எல்லாம் ஒரு மனுஷனா'ன்னு. அப்பாவா, புத்தகத்துல அப்பாவே கெடையாதேன்னேன். அந்தக் கண்டக்டர் பையன் பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போயிருப்பாரு.

— டிவிக்காரன் இஷ்டத்துக்கு எதையாவது சேப்பான்.

— சாப்பாட்டு நேரத்துல அவ போன்ல போட்டுக் காட்டுனா. பாத்துட்டேன்.

— பாத்துட்டியா?

— நான் முன்னயே முழுசாப் படிச்சுட்டேன், புத்தகத்துல அந்தப் பையன் கடைசிவரைக்கும் வீட்டுப்பக்கமே வரமாட்டான். டிவில வர்றான். பஸ்ஸ விட்டு எறங்கி, மூணு மாடி ஏறி, கதவத் தட்டுறான். உள்ள அப்பா. கதவுல இருக்குற சின்னக் கண்ணாடி வழியா பாக்குறாரு.

— போதும்.

— பாத்துக்கிட்டே நிக்குறாரு. தொறக்கல.

— போதும்னு சொல்றேன்ல!

— கத்தாதீங்க. நான் சண்டைக்கு வரல. இதப் பாத்தா நான் தாங்கமாட்டேன்னுதான மறைச்சீங்க? எனக்குத் தெரியாதா உங்க மனசு.

— என் மனசு உனக்குத் தெரியாது.

— அன்னிக்குத் திட்டுனத இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்கீங்க? 'என் சொல்லக் கேளு, இல்லேன்னா நடையக் கட்டு'ன்னு எந்த அப்பன் சொல்லல? லிஃப்ட் ரிப்பேருக்குப் போற எடத்துலெல்லாம் மாடிக்கு மாடி எறங்கி எட்டிப் பாக்குறீங்களாம், அவன் இருக்கானான்னு. உங்க ஹெல்ப்பர் சொல்லி அழுவுறாரு. ஆறு தடவ பிணவறைக்குக் கூப்பிட்டாங்க. ஆறு தடவையும் துணிய வெலக்குறப்ப என் கண்ணப் பொத்திட்டு நீங்கதான பாத்தீங்க? அந்த டிவி ஆளும் நீங்களும் ஒண்ணா? நம்ம பய மட்டும் வாசல்ல வந்து நின்னிருந்தா, கதவப் பேத்துட்டு ஓடியிருக்கமாட்டீங்க?

— நிறுத்துடி.

— ஏங்க, தண்ணி கொண்டாரட்டா?

— உக்காரு. அவன் போன பதினோராம் நாள் ஞாபகம் இருக்கா உனக்கு?

— இல்லாம? கொட்டுற மழை. போட்டோ வேணும்னு போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டாங்க. ரெண்டு பஸ் மாறிப் போய்க் குடுத்துட்டு வந்தேன். நீங்க காய்ச்சல்னு படுத்திருந்தீங்க.

— அப்ப பெல் அடிச்சுது. ரெண்டு தரம்.

— யாரு?

— கதவுக் கண்ணாடில பாத்தேன். தலையெல்லாம் சொட்டச் சொட்ட... கால்ல செருப்புகூட இல்ல.

— யாருங்க?

— கொஞ்ச நேரம் நிக்கட்டும், அப்பதான் புத்தி வரும்னு நெனச்சேன். பத்து நிமிஷம்டி. பத்தே நிமிஷம். தொறந்தா, வாசல்ல கால்மிதி மட்டும் நனைஞ்சு கெடந்துச்சு.