நாலு மணி நேரத் தூரம்

விமான டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் தூரத்தைக் கேட்பதே இல்லை, சார். எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்பார்கள். வானத்தில் இருக்கும் நேரத்தைச் சொன்னால், அதுதான் முழுப் பயணமும் என்று நம்பிவிட்டுப் போவார்கள். விமான நிலையத்துக்குப் போகிற நெரிசல், பெட்டி போடுகிற வரிசை, பெல்ட்டைக் கழற்றுகிற வரிசை, இறங்கியதும் டாக்ஸிக்காரனோடு பேரம், இதெல்லாம் யார் கணக்கிலும் வராது. பல வருஷமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்த விஷயத்தில் படித்தவர்கள்தான் பெரிய முட்டாள்கள்.

என் தம்பி நன்றாகப் படித்தவன். வெளிநாட்டில் இதய டாக்டர். போனில் அவன் பேசுவது ஒரே பாட்டுத்தான். "அப்பாவுக்கு எதுன்னாலும் எனக்குச் சொல்லுண்ணா. அங்க இருக்கிற அரைகுறைங்ககிட்ட காட்டாதே. நாலு மணி நேரம்தானே, பறந்து வந்துடுவேன்."

அதைக் கேட்டால் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர், யாரையும் விடமாட்டார். "சின்னவன் நாலு மணி நேரத் தூரத்துலதான் இருக்கான்" என்பார். நான் அடுத்த அறையில் அவருடைய மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டிருப்பேன். நான் எவ்வளவு தூரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. எங்கள் வீட்டில் அது பழமொழி இல்லை, சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிவிட்டு வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. எங்கள் தெருமுனையிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, வரும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் பெரிய டாக்டரின் உத்தரவு இருக்கிறதே. தம்பிக்குப் போன் செய்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னைப் பார்க்க வேண்டுமாம் என்றேன்.

"நெஞ்சு வலியா?" என்று கேட்டான்.

"இல்லடா, வாயுத் தொல்லைதான்."

"சரி, டிக்கெட் போடு. இப்பவே கிளம்பறேன்."

போட்டேன். நேராக வருகிற விமானத்தில் இடம் இருந்தது. நடுவில் ஓர் ஊரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் மாறுகிற மாதிரி போட்டேன். அது மலிவு. அவன் வழியைப் பார்க்கக்கூட இல்லை. டிக்கெட் விஷயத்தில் மட்டும் அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

"சின்னவன் கிளம்பிட்டான்பா. நாலு மணி நேரம்தானே" என்றேன்.

நான் எதையும் கலந்து கொடுக்கவில்லை, கை ஓங்கவில்லை. இரண்டு பேரும் வாய் ஓயாமல் சொன்னதை அப்படியே செய்தேன். தம்பி வாசலில் வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. அப்பா மதியமே போய்விட்டார்.

ஒன்றை மட்டும் தம்பியிடம் சொல்லவில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவன் வேணாம்டா. நீ இருக்கியே, நீ போதும் எனக்கு. நீயே தூக்கிட்டுப் போ" என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு முறை சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன்.